ரேணுகாவின் களைப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணி ஆனால், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த வீட்டில் இரண்டு பேர் முப்பது கிலோமீட்டர் ஓடத் தயாராவார்கள். ஒருத்தி ஷூ மாட்டுவாள். மற்றவன் கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொள்வான்.

ஷூ மாட்டுகிறவள் ரேணுகா. தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர், வயது இருபத்தொன்பது முடிந்து முப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடப்பவன் அவள் புருஷன் தண்டபாணி. மூன்று வருஷத்துக்கு முன்னால் முருங்கைக்காய் லாரியின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது சறுக்கி விழுந்தான். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே கால் இரண்டும் இருக்கின்றன, இருப்பது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

கிளம்புவதற்கு முன்னால் அவனுடைய பிடரியை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்திரியை ஒட்டி, பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிப்பாள். அவளுடைய கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், அரிசி மணி அளவுக்கு ஒரு சில்லு பதித்திருந்தார்கள். சில்லு எடுத்து அனுப்பும், எத்தனை தூரத்தில் இருந்தாலும் பிளாஸ்திரி வாங்கிக்கொள்ளும். ஒரு ஓட்டத்துக்கு ஒரு பிளாஸ்திரி. ஓடுவது அவள், களைப்பது அவன்.

"வந்துருச்சா?"

"ம், வந்துருச்சு. மொத அஞ்சு கிலோமீட்டர் அடக்கி ஓடு. அவுத்துவிட்ட கன்னுக்குட்டியாட்டம் பாயாத."

திண்டுக்கல்லிலிருந்து பழனி வரைக்கும் பாதயாத்திரை போகிறவர்களுக்காக ரோட்டோரம் கல் பதித்த நடைபாதை போட்டிருக்கிறார்கள். தைப்பூசத்தை ஒட்டி அது பக்தர்களுக்கு. மற்ற நாளெல்லாம் ஆடுகளுக்கும், காயப்போட்ட மக்காச்சோளத்துக்கும், ரேணுகாவுக்கும். விருப்பாச்சி தாண்டி, சத்திரப்பட்டி வரை போய்த் திரும்பினால் அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு முடிந்துவிடும். பச்சை வேட்டிக்காரர் ஒருத்தர் ஒருமுறை கேட்டே விட்டார். "ஏம்மா, முருகன் மலைய விட்டு எங்கயும் போயிறமாட்டாரு. மெதுவாப் போனா என்ன?"

ஏழரை மணிக்கு அவள் வீடு திரும்பும்போது கடைக்குப் போய்விட்டு வந்தவள் மாதிரி இருப்பாள். வேர்த்திருக்கும், மூச்சு வாங்கும், இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிடும். கட்டிலில் தண்டபாணி தலையணை நனையக் கிடப்பான். உதடு வெடித்திருக்கும். உப்புப் போட்ட மோரை அவள் கரண்டியால் ஊட்ட, அவன் விழுங்கிக்கொண்டே கணக்குச் சொல்வான்.

"விருப்பாச்சி தாண்டுனதும் எடது கெண்டக்கால்ல ஒரு இழுப்பு. தெரிஞ்சுதா?"

"இல்லியே."

"திரும்பி வரயில ஒரு ஏத்தம் இருக்கில்ல, அங்க தொட ரெண்டும் இரும்பாயிருச்சு. நீ வேகத்தக் கொறைக்கவே இல்ல. அங்க கொறைக்கணும்."

"சரிங்க."

தன்னுடைய காலைப் பற்றி அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்வது ஆரம்பத்தில் வேடிக்கையாக இருந்தது. ஐந்து மாதத்தில் பழகிப்போயிற்று. எதெல்லாம் பழகக்கூடாதோ அதெல்லாம்தான் மனுஷனுக்குச் சீக்கிரம் பழகும்.

களைப்பை ஒரு உடம்பிலிருந்து எடுத்து இன்னொரு உடம்புக்குக் கொடுக்கலாம் என்று கண்டுபிடித்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கண்டுபிடித்தார்கள் என்பார்கள். எல்லாக் கண்டுபிடிப்புக்கும் அப்படித்தான் சொல்வது வழக்கம். முதலில் தீயணைப்பு வீரர்களுக்கு என்றார்கள். பிறகு இரவுப் பணி நர்சுகளுக்கு. கடைசியில் மாரத்தான் ஓடுகிறவர்களிடம் வந்து நின்றது. வாங்கிக்கொள்கிறவருக்குக் காகிதத்தில் 'பகிர்வாளர்' என்று பெயர். ஊர் வைத்த பெயர் சுமைதாங்கி. பெரிய ஊர்களில் சுமைதாங்கி பிடித்துக் கொடுக்கவே ஏஜென்சிகள் வந்துவிட்டன. வசதியுள்ள ஓட்டக்காரர் ஒருவருக்கு மூன்று பேர்கூட முறைவைத்துப் படுப்பார்கள். ஈரோட்டுப் பெண் ஒருத்திக்கு ஓடும்போதே கால் எலும்பு விரிசல் விட்டு, அது தெரியாமல் அவள் இன்னும் நாலு கிலோமீட்டர் ஓடி முடித்துச் சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நின்றாள் என்று ஒரு கதை உண்டு.

திண்டுக்கல்லில் இருந்த பகிர்வு மையத்தில் முதல் நாளே டாக்டர் ஜெஸிந்தா விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டார். ஐம்பதை நெருங்கும் அம்மாள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"களைப்புங்கறது கால்ல இல்லம்மா. மூளை போடுற பிரேக்கு. எஞ்சின் சூடாகறதுக்கு முன்னாடியே மிதிச்சிரும். நாங்க அந்த பிரேக்க உங்க வண்டில புடிக்கவிடாம அவர் வண்டில புடிக்க வைக்கிறோம்."

"அவரு வண்டிதான் நின்னு போச்சே டாக்டர்."

"நிக்கிற வண்டில பிரேக் புடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. ஆகும். அவர் மூளை தான் ஓடுனதாவே நம்பும். நெஞ்சு அதுக்கேத்த மாதிரி அடிச்சுக்கும். ஓய்ஞ்சு தூங்கறதும் அவர்தான். நீங்க மறுநாளே தெம்பா எந்திரிச்சு ஓடலாம். அதனாலதான் ஒரு வாரத்துல ரெண்டு வாரப் பயிற்சி ஆகுது."

ரேணுகா திரும்பிப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் தண்டபாணி கண்ணை அகல விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த யோசனையே அவனுடையது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓட, அவன் டிவிஎஸ் ஃபிப்டியில் தண்ணி பாட்டிலோடு கூடவே வந்து நேரம் சொல்லிக் கத்துவான். விபத்துக்குப் பிறகு ஒரு வருஷம் அவள் ஷூவைத் தொடவில்லை. 'நான் படுத்தா நீயும் படுக்கணுமா' என்று தினமும் நச்சரித்து அவளை எழுப்பிவிட்டவன் அவன்தான்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பிப்ரவரியில் கோயம்புத்தூரில் நடக்கும் மாரத்தானை இரண்டு மணி நாற்பது நிமிஷத்துக்குள் முடித்தால் தேசிய முகாமில் இடம் கிடைக்கும். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். மார்ச்சில் அவளுக்கு முப்பது. பள்ளிக்கூடத்திலிருந்து எல்லாப் பந்தயத்திலும் நாலாவதாக வந்து, மேடையில் நிற்கும் மூன்று பேருக்குக் கைதட்டியே ஓய்ந்தவள் அவள். இந்தப் பந்தயத்தை விட்டால் ஆயுசுக்கும் கைதட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பந்தயத்துக்கு நாலு வாரம் இருக்கும்போது முப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினாள். இருக்கிற ஓட்டங்களிலேயே நீளமானது அது. கடைசிப் பத்துக் கிலோமீட்டரை ஓடிய வேகத்தைக் கடிகாரத்தில் பார்த்து அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. சந்தோஷத்தில் வரும் வழியில் நின்று ஒரு பாக்கெட் பால்கூட வாங்கினாள்.

வாசலில் பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எங்கடி போய்த் தொலைஞ்ச? எத்தன தடவ போன் அடிக்கிறது? ஏதோ முனகுற சத்தம் கேட்டு ஓடியாந்தா, இவரு கண்ணு சொருகிக் கெடக்காரு. ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன்."

பிளாஸ்திரியை அக்காவே பிய்த்து எறிந்திருந்தாள். ரேணுகாவின் கையில் பால் பாக்கெட் அப்படியே இருந்தது. ஆம்புலன்சில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் அதைக் கவனித்தாள்.

அன்று சாயங்காலம் டாக்டர் ஜெஸிந்தா படத்தைக் காட்டினார். தண்டபாணியின் இதயம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"முப்பத்தஞ்சு வயசுக்காரர் நெஞ்சு இப்படி இருக்கக்கூடாது. இனிமே ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம். முக்கியமா முப்பதுக்கு மேல வர்ற களைப்பு. அத இன்னொரு தடவ வாங்குனாருன்னா, நீங்க என்கிட்ட கூட்டிட்டு வரவேண்டிய அவசியம் இருக்காது."

"அப்ப நான் எப்படி ஓடறது டாக்டர்?"

கேட்டது அவள் வாய்தான். புருஷன் பிழைப்பானா என்று கேட்பதற்கு முன்னால் அந்தக் கேள்வி வந்து விழுந்துவிட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. டாக்டர் அதைக் காதில் வாங்காதவர் மாதிரி மேசையில் இருந்த பேனாவை மூடி வைத்தார்.

"எல்லாரும் ஓடற மாதிரி ஓடுங்க. பந்தயத்துக்கு மூணு வாரம் இருக்கயில ஓட்டத்தக் கொறைப்பாங்கள்ல, அதச் செய்யுங்க. சேத்து வச்ச பயிற்சியெல்லாம் அப்பதான் கால்ல எறங்கும். கால் லேசாயிரும். அந்த லேசு எப்படியிருக்கும்னு உங்களுக்குத் தெரியாது. அஞ்சு மாசமா உங்க களைப்பே உங்களுக்குத் தெரியாதே."

வேறு சுமைதாங்கி பிடிக்கலாம். ரத்தமும் நரம்பும் பொருத்திப் பார்க்கவே ஆறு மாதம் ஆகும். அதற்குள் அவளுக்கு முப்பது வந்துவிடும்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் தண்டபாணி ஆரம்பித்தான்.

"பந்தயத்தன்னிக்கு மட்டும் ரேணு. ஒரே ஒரு நாள்."

"டாக்டர் சொன்னது காதுல விழல?"

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. அங்க ஓடறவங்கள்ல பாதிப் பேருக்கு சுமைதாங்கி இருக்கும். நீ ஒருத்தி மட்டும் ஒத்தையில போய் என்ன பண்ணுவ?"

"நாலாவதா வருவேன். எனக்குப் பழக்கம்தான்."

"எனக்காகவாச்சும் குடு."

அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"மொத நாள் நான் அழுதேன்ல. வலியில அழுதேன்னு நெனச்ச. இல்ல. உன் கால் வலிச்சுதுல்ல, அது என் கால்ல வலிச்சுது. ரெண்டு வருஷமா மரக்கட்டையாக் கெடந்த கால்ல முட்டி எங்க இருக்கு, பாதம் எங்க இருக்குன்னு எல்லாம் தெரிஞ்சுது. ஞாயித்துக்கெழம மட்டும்தான் நான் முழு ஆளு. மத்த ஆறு நாளும் அரை ஆளு. நீ என்னமோ நான் உனக்காக செய்றேன்னு நெனச்சுட்டிருக்க."

ரேணுகாவுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, கோபமும் வந்தது. இத்தனை நாளும் யார் யாரைச் சுமந்தது என்று அவளுக்குக் குழம்பிப்போயிற்று. மறுநாளே தகர டப்பாவில் போட்டு வைத்திருந்த பழைய பிளாஸ்திரிகளையும், பிரிக்காத ஐந்து புதியதையும் மூட்டை கட்டிப் போய் மையத்தில் ஒப்படைத்துவிட்டாள். எண்ணிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பிய்த்து டப்பாவில் போட்டது அவள் கைதான், கடைசியாக அக்கா பிய்த்து எறிந்ததையும் அவள்தான் எடுத்துப் போட்டாள், எண்ணுவதற்கு என்ன இருக்கிறது.

ஒரே ஒரு ஞாயிறு தவிர. அது அவளுக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. கார்த்திகை மாதத்தில் ஒரு காலை ஆறு கிலோமீட்டர் ஓடியதுமே மழை பிடித்துக்கொள்ள, தொப்பலாக நனைந்து திரும்பியவள் நேரே துணி மாற்றப் போய்விட்டாள். அன்றைக்குப் பிளாஸ்திரியைத் தானே பிய்த்து டப்பாவில் போட்டுவிட்டதாகத் தண்டபாணி சொன்னான்.

பந்தயத்துக்கு முந்தைய மூன்று வாரமும் சின்னச் சின்ன ஓட்டம்தான். எட்டு கிலோமீட்டர், ஆறு, நாலு. எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து கொட்டாவி விட்டபோது, 'இதுதானா அது' என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. பழக்கதோஷத்தில் கட்டிலருகே போய் உட்கார்ந்து, "எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டும் விட்டாள். தண்டபாணி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பந்தயத்தன்று விடிவதற்கு முன்பே கோயம்புத்தூர் மைதானம் நிரம்பிவிட்டது. ஒரு ஓரத்தில் நீளமான கொட்டகை போட்டு வரிசையாகக் கட்டில்கள். சுமைதாங்கிகள் ஒவ்வொருவராக வந்து படுத்துக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் பந்தயத்தின் பரபரப்பு இல்லை. ஒரு பெண் கட்டிலில் உட்கார்ந்து காதுக் கம்மலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் ரேணுகாவைப் பார்த்து, "உங்க ஆளு எந்தக் கட்டில்?" என்றாள். "எனக்கு யாருமில்லக்கா," என்றாள் ரேணுகா. அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

தொடங்குவதற்கு இருபது நிமிஷம் இருக்கும்போது போன் துடித்தது. நேற்றே அனுப்பி வந்து சேராமல் கிடந்த செய்தி. 'தங்களுக்கு வழங்கியவை 25. பயன்படுத்தியதும் பயன்படுத்தாததுமாகத் திரும்பப் பெற்றவை 24. மீதமுள்ள ஒன்றை உடனே ஒப்படைக்கவும். பகிர்வு மையம், திண்டுக்கல்.'

மழை பெய்த ஞாயிற்றுக்கிழமை அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆறு கிலோமீட்டரே குடித்த பிளாஸ்திரி. இன்னும் ஒரு முழு ஓட்டத்துக்குத் தாங்கும். தண்டபாணிக்குப் போன் அடித்தாள்.

"ஏங்க, ஒரு பிளாஸ்திரி கொறையுதாம்."

"எண்ணத் தெரியாத பசங்க." தண்டபாணி சிரித்தான். "என்கிட்ட ஏது? போய் ஓடு ரேணு. அடக்கி ஓடு."

அவனுடைய சிரிப்பில் இரண்டு வகை உண்டு. மூக்கால் சிரித்தால் பொய் சொல்கிறான் என்று அர்த்தம். பத்து வருஷக் குடித்தனத்தில் அவளுக்குத் தெரிந்த விஷயம் அது. இது மூக்குச் சிரிப்பு. உடனே மும்தாஜ் அக்காவுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தாள். ஒலிபெருக்கியில் பெண்களை வரிசைக்குக் கூப்பிட்டார்கள். பைகளை வாங்கிக்கொள்கிற இளைஞன் கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

ஆறு மணிக்கு அக்கா காபி கொண்டுபோவாள், பார்ப்பாள், பிய்த்துப் போட்டுவிடுவாள். அதற்குள் பதினைந்து கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. பதினைந்து ஒன்றும் செய்யாது. இப்படியெல்லாம் சமாதானம் சொல்லிக்கொண்டு போனைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். நமக்குச் சமாதானம் சொல்ல வெளியாள் எதற்கு.

முதல் பத்து கிலோமீட்டர் முப்பத்தேழே முக்கால் நிமிஷத்தில் போயிற்று. இருட்டு விலகியது. பாதி தூரத்தைக் கடக்கும்போது ஒரு மணி பத்தொன்பது நிமிஷம், ஐம்பது வினாடி. மூச்சு சீராக இருந்தது. கால் தரையில் பட்டதும் தானே எழும்பியது. இருபத்தைந்தில் வரவேண்டிய கனம் வரவில்லை. இன்னும் கொஞ்சத்தில் வரும் என்று நினைத்தாள். முப்பதிலும் வரவில்லை.

சுற்றிலும் பார்த்தாள். சுமைதாங்கி இல்லாதவர்களைத் தனியாகக் காட்ட வேண்டியதில்லை. அவர்கள் முகம் பிழிந்த துணிபோல இருந்தது. சுமைதாங்கி உள்ளவர்கள் பேருந்துக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி ஓடிக்கொண்டிருந்தார்கள். தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒருத்தர் ரேணுகாவைக் காட்டிப் பக்கத்து ஆளிடம் சொன்னார். "இந்தப் புள்ளைக்கு ஆளு ரொம்ப வலுவான ஆளாட்டமிருக்குதுங்க."

குறைந்த அந்த ஒரு பிளாஸ்திரி இப்போது அவன் பிடரியில் இருக்கிறது என்று நினைத்தாள்.

வந்துரு, என்று அவள் தன் களைப்பைக் கூப்பிட்டாள். ஓட்டக்காரி ஒருத்தி முப்பதாவது கிலோமீட்டரில் களைப்பு வேண்டும் என்று கெஞ்சியது அதற்கு முன் நடந்திருக்காது. தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். வலித்தது. அது வேறு வலி. சோதித்துப் பார்க்கலாம் என்று வேகத்தைக் கூட்டினாள். முன்னால் போன இரண்டு பேரைத் தாண்டி நூறு மீட்டர் போனபிறகும் மூச்சு இரைக்கவில்லை. அப்புறம்தான் உறைத்தது, அவள் கூட்டிய அந்த வேகம் எங்கே போய் இறங்கியிருக்கும் என்று.

வேகத்தைப் பழையபடி குறைத்தாள். நிற்கவில்லை.

நின்றால் அந்த நிமிஷமே அவனுக்குக் களைப்பு போவது நின்றுவிடும். அது அவளுக்குத் தெரியும். கடிகாரத்தையும் பார்த்தாள், நினைத்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னால் இருந்தாள். இன்னும் பத்து கிலோமீட்டர்தான். முப்பத்தெட்டு நிமிஷம். முப்பத்தெட்டு நிமிஷம் தாங்கமாட்டாரா, அன்றைக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர் தாங்கினாரே என்று அவளுக்குள் ஒருத்தி கேட்டாள். அவராக ஒட்டிக்கொண்டதுதானே, நானா ஒட்டினேன் என்றாள். அவருக்கும் இதுதானே வேண்டும் என்றும் சொன்னாள். அந்த ஒருத்தியோடு சேர்ந்து ரேணுகா இரண்டு கிலோமீட்டர் ஓடினாள். பிற்பாடு வாழ்க்கையில் எதை மறந்தாலும் அந்த இரண்டு கிலோமீட்டரை அவளால் மறக்க முடியப் போவதில்லை.

முப்பத்துநாலாவது கிலோமீட்டர் பலகைக்குப் பக்கத்தில் எதிர்த் திசையில் ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போயிற்று. மைதானத்துப் பக்கம், கொட்டகைக்கு. யாரோ ஒருவருடைய சுமைதாங்கி. கம்மலை முடிந்த அந்தப் பெண்ணாகக்கூட இருக்கலாம். அவள் அருகில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது யாருடைய ஆள் என்பது ஓடுகிறவர்களுக்குத் தெரிய வழியில்லை.

ரேணுகா நின்றுவிட்டாள்.

தண்ணீர் மேசையில் நின்ற காலேஜ் பெண்ணிடம் போய், "போன் குடும்மா, தயவுசெஞ்சு குடு," என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பெண் மறுபேச்சுப் பேசாமல் நீட்டினாள். இரண்டு முறை தப்பு எண் அடித்தாள். மூன்றாவது முறை மணி அடித்தது. எட்டு அடிப்புவரை எண்ணினாள். ஒவ்வொரு அடிப்புக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டாள்.

"யாரு?"

"ஏங்க. ஏங்க, அத எடுங்க. நான் நின்னுட்டேன். பிச்சுப் போடுங்க அத."

"ரேணு?" தண்டபாணியின் குரல் சாதாரணமாக இருந்தது. இரைப்பு இல்லை, திணறல் இல்லை. "உனக்கு ஒண்ணும் ஆகலியே? நல்லா இருக்கல்ல? காலைலருந்து எனக்கு உசிரே இல்ல."

"நீங்க ஒட்டியிருக்கீங்களா இல்லியா?"

தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டவன் குரலில் சொன்னான்.

"ஒட்டுனேன். அஞ்சு மணிக்கே ஒட்டுனேன். அக்கா காபி கொண்டாந்தப்ப துண்டால மூடிக்கிட்டேன். ஈரத்துணில சுத்தி டிபன் பாக்ஸ்ல வச்சா கெடாதுன்னு சொன்னாங்க, வச்சிருந்தேன். காஞ்சு போயிருச்சு போல. ஒண்ணுமே வரல ரேணு. ஒரு துளி வரல. கால் அப்படியே கட்டையாட்டம் கெடக்கு. மொத பத்து கிலோமீட்டர் வரைக்கும் இப்ப வரும் இப்ப வரும்னு பாத்தேன். அப்புறம் பயமாயிருச்சு. நீ ஓடவே இல்லியோ, எங்கயாச்சும் விழுந்துட்டியோன்னு. உன் போனுக்கு அடிச்சு அடிச்சு..."

ரேணுகா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணி பதிமூன்று நிமிஷம்.

அவளுக்கு மெதுவாகத்தான் புரிந்தது. அவன் ஒன்றும் வாங்கவில்லை. அப்படியானால் முப்பத்துநாலு கிலோமீட்டரும் ஓடியது அவள். அவள் கால், அவள் மூச்சு, அவள் நெஞ்சு. ஐந்து மாதம் சேர்த்து வைத்ததெல்லாம் மூன்று வார ஓய்வில் காலில் இறங்கி, லேசாகி, அவளை நினைத்த நேரத்துக்கு முன்னாலேயே இழுத்துக்கொண்டு வந்திருந்தது. டாக்டர் சொன்ன லேசு இதுதான். இதைத்தான் அவள் அவனுடைய சாவு என்று நினைத்துவிட்டாள். 'இது நான்தான்' என்று சொல்ல அவள் உடம்புக்கு வாய் இல்லாமல் போயிற்று. அந்த வாய் ஐந்து மாதமாக ஒட்டன்சத்திரத்தில் ஒரு கட்டிலில் கிடந்தது.

இன்னும் எட்டு கிலோமீட்டர். இருபத்தேழு நிமிஷம். ஓடிப் பார்க்கலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தாள். அப்போது வந்தது.

நிற்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தது போலக் காலிலிருந்து மேலே ஏறியது. முட்டி மடங்கி, பிளாட்பாரத்தின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிழிந்த முகத்தோடு பெண்கள் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். காலேஜ் பெண் ஒரு பேப்பர் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"ரேணு, எங்க இருக்க நீ?"

"முப்பத்துநாலுல."

"அப்புறம் ஏன் நின்ன?"

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லாததிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பக்கம் ஒரு கேவல் கேட்டது, உடனே அடங்கியது. டிபன் பாக்ஸில் ஒளித்து வைத்த ஒரு பிளாஸ்திரி. அது இல்லாமல் இருந்திருந்தால் அவள் இந்நேரம் முப்பத்தைந்தைத் தாண்டியிருப்பாள். இதை இனி எத்தனை வருஷம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு வாழ்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, போன்..." என்று காலேஜ் பெண் ஆரம்பித்து, அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, வைத்துக்கொள்ளுங்கள் என்று கையைக் காட்டினாள்.

"வலிக்குதா?" தண்டபாணி கேட்டான்.

"வலிக்குது."

"எங்க?"

இத்தனை நாளும் அவள் கேட்ட கேள்வி. ரேணுகா கண்ணைத் துடைத்துக்கொண்டு காலை நீட்டிப் பார்த்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"எடது பாதத்துல, கட்டவெரலுக்குக் கீழ. எரியுது. நெருப்பு மேல வச்ச மாதிரி."

"ம்."

"கெண்டக்கால் ரெண்டுலயும் உள்ளுக்குள்ள என்னமோ ஓடுது. நீங்க சொல்லுவீங்கள்ல, இழுப்புன்னு. அது போல."

"அது இழுப்புதான். முட்டி?"

"முட்டிக்கு உள்பக்கம் துடிக்குது."

"மெதுவாச் சொல்லு ரேணு," என்றான் அவன். "ஒண்ணையும் விட்டுறாத."